பிரெஞ்சு பேசப் பயமா? முதலில் பதிலைப் படியுங்கள்

கும்பகோணத்தில் இருந்தபோதே முதல் நிலைப் பிரெஞ்சுப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். 2019 செப்டம்பர். வந்து இறங்கியது பாரிசுக்கு வடக்கே ஸார்செலில், கணவர் வீட்டில். மூன்றாம் நாள் மாமியார் ரொட்டி வாங்கி வரச் சொன்னார். வீட்டிலிருந்து கடை வரைக்கும் "ஜ வூத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே" (தயவுசெய்து ஒரு பகெத் ரொட்டி வேண்டும்) என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கடையில் அதைப் பிசிறில்லாமல் சொல்லியும் விட்டேன். அந்தப் பெண் ரொட்டியை எடுத்துச் சுற்றிக்கொண்டே "ஏ அவெக் ஸஸி?" என்றார்.

"வுய்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். மறுபடி கேட்டார். மறுபடி "வுய்". எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அவர் கேட்டது "இதோடு வேறு என்ன வேண்டும்?" என்று, நான் சொன்னது "ஆமாம்". இரண்டு யூரோ நாணயத்தை வைத்துவிட்டு மீதிச் சில்லறைகூட வாங்காமல் வந்துவிட்டேன். அதன்பின் ஒரு மாதம் ரொட்டி வாங்குவது கணவர் வேலை. நான் போனால், மனிதர்கள் இல்லாத, நாமே ஸ்கேன் செய்து காசு கட்டும் இயந்திரம் இருக்கும் பல்பொருள் அங்காடிக்குத்தான் போவேன்.

என் சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் என் மாமனார். காரைக்கால்காரர். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம்; பிரெஞ்சு ராணுவத்தில் 15 ஆண்டு இருந்தவர், ஊரில் சொல்வார்களே 'சொல்தா' என்று, அது. அவர் பேசும் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் அவர் இஷ்டம்தான். ஆனால் நகராட்சி அலுவலகத்திலிருந்து மீன்கடை வரை யாரோடும் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வருவார். "நீ என்ன சொல்லணும்னு நூறு தடவை படிக்கிறியேம்மா, அவ என்ன கேப்பான்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?" என்றார்.

அதுதான் விஷயம். பயம் என்று நாம் சொல்வது பேசுவதைப் பற்றியதே இல்லை. நம் வாக்கியம் முடிந்தவுடன் எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பாரே, அந்த நொடியைப் பற்றியது. நல்ல வேளையாக, கடைகளில் கேட்கும் கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனவே ஒரு நோட்டில் இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீங்கள் சொல்லப்போவதை எழுத வேண்டாம். அவர்கள் கேட்பதை மட்டும் எழுதுங்கள்.

ரொட்டிக்கடைப் பக்கத்தில் இரண்டே வரி. 'த்ரதிசியோனா (பாரம்பரிய வகை ரொட்டியா), சாதாரணமா' என்பது ஒன்று, 'ஏ அவெக் ஸஸி' இன்னொன்று. இரண்டாவதற்கு "ஸ ஸ்ரா தூ, மெர்ஸி" என்றால் போதும், அவ்வளவுதான் என்று பொருள். காப்பிக் கடையில் "சுர் ப்ளாஸ் ஊ ஆ ஆம்போர்தே?", இங்கேயா பார்சலா. மருந்துக்கடையில் "ஸே பூர் வூ?", மருந்து உங்களுக்கா என்று கேட்பார்கள், பிறகு பச்சை நிற 'கார்த் வித்தால்' காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள். பல்பொருள் அங்காடியில் 'கார்த் த ஃபிதெலித்தே', அதாவது வாடிக்கையாளர் அட்டை, இருக்கிறதா என்பார்கள். மாமனார் சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டிக்காரியாக நடிப்பார், வேண்டுமென்றே வேகமாகவும் வாய்க்குள்ளேயும். நான் இந்தப் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் கேள்விகளை மட்டும் கைபேசியில் பதிந்து, பாத்திரம் துலக்கும்போது ஓடவிட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்.

எங்கே போனாலும் முதல் சொல் "பொன்ஜூர்". நேராக விஷயத்துக்கு வருவதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பதிலும் முறைப்பாக வரும். நம் பிரெஞ்சு சரியில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். என் தோழி ஒருத்தி ஆறு மாதம் அப்படி நினைத்திருந்தாள். நீ, நீங்கள் வித்தியாசத்தை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: தெரியாதவர் எல்லோருக்கும் 'வூ'.

புரியாதபோது "வுய்" சொல்லாதீர்கள், என் கதையைப் பார்த்தீர்கள். "பார்தோன்?" என்று மட்டும் கேட்டாலும் பெரும்பாலும் பலனில்லை, அதே வேகத்தில் அதையே திருப்பிச் சொல்வார்கள். காதில் விழுந்த துண்டைப் பிடித்துக்கொண்டு அதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுங்கள். மருத்துவரிடம் நேரம் குறிக்கும்போது 'தஸர்' மாதிரி ஏதோ விழுந்தது என்று வையுங்கள். இரண்டு மணியும் பன்னிரண்டு மணியும் நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "கதோர்ஸ் எர்?", பதினான்கு மணியா (அதாவது பிற்பகல் இரண்டா) என்று கேட்டால், எதிரில் இருப்பவர் ஆமாம் என்றோ இல்லை என்றோதான் சொல்லியாக வேண்டும். அது நமக்குப் புரிகிற பதில்.

உச்சரிப்பைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் கூச்சம் பாதி அநாவசியம். நாம் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குள் போகிறோம், அதுதான் தொல்லை. தமிழ் வழியாகப் போய்ப் பாருங்கள். பிரெஞ்சின் T எழுத்து, 'தே', நம் 'த'-தான், நாக்கு பல்லைத் தொடும். 'ட' போட்டால்தான் வெளியூர்க்காரர் மாதிரி ஒலிக்கும். ப, த, க மூன்றையும் ஆங்கிலேயர் போலக் காற்றோடு தள்ள வேண்டாம், நாம் சொல்கிறபடியே சொன்னால் சரி. மூக்கொலி கஷ்டம் என்பார்கள். 'மரம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடுகிறதா? 'ம்' மூக்குக்குள் கரைந்துவிடும். 'போன்', 'பொன்ஜூர்' எல்லாம் அந்தக் குடும்பம்தான். வகுப்பில் இதை நான் முதல் நாளே சரியாகச் சொன்னபோது ஆசிரியை ஆச்சரியப்பட்டார். எனக்கும் ஆச்சரியம்தான்.

உண்மையிலேயே நம்மிடம் இல்லாத ஒலி ஒன்று உண்டு. 2021-இல் எங்கள் குளியலறைக் கூரையில் தண்ணீர் ஒழுகியது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் போய் மேல் வீட்டிலிருந்து ஒழுகுகிறது என்றேன், 'ஓ தசூ'. அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கீழ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். 'மேலே' என்ற சொல்லையும் 'கீழே' என்ற சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ஓ தசூ'தான். பிரெஞ்சில் கடைசி உயிரெழுத்து மட்டும் வேறு. கீழே என்பதற்கு நம் சாதாரண 'ஊ'. மேலே என்பதற்கு 'ஈ' சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசிலடிக்கக் குவியுங்கள். வருகிறதே, அதுதான். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் செய்தால் பழகிவிடும். அன்றைக்கு நான் கடைசியில் விரலால் கூரையைக் காட்டினேன். விரலும் மொழிதான், கூச்சப்பட வேண்டாம்.

படித்த பிரெஞ்சு தெருவில் கேட்கவில்லையே என்று திணறுபவர்களுக்கு ஒன்று. 'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று பேசுபவர்கள் நாம். அவர்களும் அப்படியே. 'ஜ ந சே பா' (எனக்குத் தெரியாது) பேச்சில் 'ஷே பா' ஆகிவிடும். எதிர்மறையில் வரும் 'ந' பெரும்பாலும் காணாமல் போகும். 'இல் இ யா' (இருக்கிறது) வெறும் 'யா' ஆகும். நீங்கள் அப்படிப் பேச வேண்டும் என்றில்லை, காது தயாராக இருந்தால் போதும். ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு சர்வதேச வானொலியில் 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்று தினமும் பத்து நிமிடம் வருகிறது, எழுத்து வடிவமும் கிடைக்கும். முதல் முறை பார்க்காமல் கேளுங்கள், இரண்டாம் முறை வாசித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு அரசுக் குடியேற்ற அலுவலகத்தில் 200 மணி நேர வகுப்பு இலவசமாகக் கொடுத்தார்கள். இலக்கணத்துக்கு நல்லது. வாய் திறந்தது அங்கே இல்லை. வட்டார சமூக மையங்களிலும் நூலகங்களிலும் நடக்கும் உரையாடல் வட்டங்களில்தான் திறந்தது. பாரிசில் பொம்பிது கலை மையம் 2025-இல் புதுப்பிப்புக்காக மூடப்படும் வரை அதன் பொது நூலகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள், எல்லோருக்கும் தப்பு வரும். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பேச்சுக்கு 25 மதிப்பெண்; எல்லாப் பகுதியும் சேர்த்து நூற்றுக்கு 50 வந்து, பேச்சு உட்பட ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 5 இருந்தால் தேர்ச்சி. ஐந்து மதிப்பெண்ணை நடுங்கிக்கொண்டே வாங்கிவிடலாம்.

சிலர் நம் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உதவி செய்வதாக நினைக்கிறார்கள். "ஜாப்ரான் ல ஃப்ரான்ஸே", பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பிரெஞ்சிலேயே தொடருங்கள். பலர் வேகத்தைக் குறைப்பார்கள். குறைக்காதவரிடம் ஆங்கிலத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள், நஷ்டமில்லை.

தொலைபேசியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகமும் இல்லை, விரலும் இல்லை. அங்கேயும் கேள்விகள் சிலவே: யார் பேசுவது, "ந கித்தே பா" (இணைப்பிலேயே இருங்கள்), பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா. இந்த மூன்றாவதில்தான் நான் விழுந்தேன். என் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜே' என்றேன். பிரெஞ்சில் 'ஜே' என்பது ஆங்கில 'ஜி' எழுத்தின் பெயர். ஆங்கில 'ஜே'யை அவர்கள் 'ஜி' என்பார்கள்! ஆங்கில 'ஈ' சொன்னால் 'ஐ' எழுதிக்கொள்வார்கள். மருந்துச் சீட்டு யாரோ ஒரு பெண்ணின் பெயரில் வந்தது. உங்கள் பெயரைப் பிரெஞ்சு எழுத்துகளில் கூட்டிச் சொல்வதை, பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்படி செய்துவிடுங்கள்.

அப்புறம் எண்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், ஐந்து ஜோடி. 70 என்பது அறுபதும் பத்தும், 80 நாலு இருபது, 99 நாலு இருபதும் பத்தும் ஒன்பதும். 'ஸுவாஸான்த்' (அறுபது) காதில் விழுந்தவுடன் 6 என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள், அது 78-ஆகவும் முடியலாம். ஜோடி முடியும் வரை பேனாவைக் காகிதத்தில் வைக்காதீர்கள். நான் இன்னும் அப்படித்தான், பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாமனார் பார்த்துவிட்டுச் சிரிப்பார். அவர் எண்களை எழுதுவதே இல்லை. "குறுஞ்செய்தி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.