பாலியல் சிகிச்சையாளரைத் தேடும்போது: முதல் போன் அழைப்பிலேயே கேட்க வேண்டியவை

பாலியல் சிகிச்சை முழுக்க முழுக்கப் பேச்சுவழிச் சிகிச்சை. அங்கே யாரும் உடை களையச் சொல்லமாட்டார்கள். சிகிச்சையாளர் உங்களைத் தொடமாட்டார், தன் முன்னால் எதையும் செய்துகாட்டச் சொல்லவும் மாட்டார். உடலைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் அது டாக்டரின் வேலை. அவரும் காரணத்தைச் சொல்லி, உங்கள் சம்மதம் பெற்றுத்தான் செய்ய வேண்டும். துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த எல்லையைத் தாண்டுகிறவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். அவருக்கு உரிமம் வழங்கிய அமைப்பிடம் புகாரும் கொடுங்கள்.

தேடத் தொடங்கும் முன் உடல் பக்கத்தைச் சரிபார்த்துவிடுவது நல்லது. பலர் மாதக்கணக்கில் பேசிப் பேசியும் பலன் காணாமல் போவது இதைத் தவறவிடுவதால்தான். விறைப்புக் குறைவு படிப்படியாக வந்திருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை; அடைப்பு அங்கே முதலில் தெரியும், இதயத்தில் பின்னால் தெரியும். காலையில் கண்விழிக்கும்போது விறைப்பு வழக்கம்போல இருந்து, துணையுடன் இருக்கும்போது மட்டும் தளர்ந்தால் காரணம் பெரும்பாலும் மனத்தின் பக்கம் இருக்கும். ஆசையே குறைந்திருந்தால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மை ஹார்மோன்) ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் காலை 10 மணிக்குள் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் வேறொரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். மாலையில் அளவு இயல்பாகவே இறங்கிவிடும். பெண்களுக்கு உறவின்போது வலி இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவர். தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி ஆகியவற்றை அவர்தான் கண்டுபிடிப்பார். பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்வதே காரணம் என்றால், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டும் பாலியல் சிகிச்சையாளரும் சேர்ந்து பார்ப்பதே பலன் தரும்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்து வையுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பல, ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கும்.

பிறகு ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எப்போதுமா சில நேரம் மட்டுமா, தனியாக இருக்கும்போதும் உண்டா, எது செய்தால் கூடுகிறது, இதுவரை என்ன முயன்றீர்கள். நேரில் வாயில் வராத சொற்களைத் தாளைப் பார்த்துப் படித்துவிடலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

தேடுவதற்கு நம்பகமான வழி, நீங்கள் ஏற்கெனவே பார்க்கும் டாக்டரிடம் பரிந்துரை கேட்பது. அல்லது பாலியல் சிகிச்சையாளர்களுக்குச் சான்று வழங்கும் தொழில்முறைச் சங்கங்களின் பட்டியல். பலகையில் ‘செக்ஸாலஜிஸ்ட்’ என்று போட்டிருப்பது மட்டும் போதாது. பல நாடுகளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியும். மனநல மருத்துவம், உளவியல், ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) போன்ற ஒன்றில் உரிமம், அதற்கு மேல் பாலியல் சிகிச்சையில் தனிப் பயிற்சி என இரண்டும் இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து போனில் பேசுங்கள். பத்து நிமிடம் போதும். பாலியல் சிகிச்சையில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்? மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றியதுண்டா? என் பிரச்சினையைப் போல அடிக்கடி பார்க்கிறீர்களா, அதற்கு வழக்கமாக என்ன செய்வீர்கள்? கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் என்ன விதி? குறிப்புகளை யார் பார்ப்பார்கள்? தன்பால் ஈர்ப்பு உள்ளவர், திருநங்கை, திருமணம் ஆகாதவர் என்றால் அதையும் சொல்லிவிட்டுப் பதிலைக் கவனியுங்கள். ஈர்ப்பையே ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடம் போகவே கூடாது. பதிலின் உள்ளடக்கத்தைப் போலவே தொனியும் முக்கியம். விந்து, உச்சம், சுய இன்பம் என்ற சொற்களை இயல்பாகச் சொல்ல முடியாதவரிடம் நீங்களும் இயல்பாகப் பேச முடியாது.

தம்பதியாகப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘ஒருவர் தனியாகச் சொன்ன ரகசியத்தை என்ன செய்வீர்கள்?’ சிலர் காப்பார்கள், சிலர் இருவரிடையே ரகசியமே வைத்துக்கொள்வதில்லை என்பார்கள். இரண்டுமே ஏற்கத்தக்க முறைகள்தான், ஆனால் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பாதியில் தெரியவந்தால் நம்பிக்கை முறிந்து சிகிச்சையே நின்றுபோகும். வீட்டில் அடி, மிரட்டல், கட்டாய உறவு இருந்தால் சேர்ந்து போகாதீர்கள். அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். தனியாகப் போய் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அமர்வு பொதுவாக 50 நிமிடம். முதல் இரண்டு மூன்று அமர்வுகள் உங்கள் வரலாற்றைக் கேட்பதிலேயே கழியும். பிறகு வீட்டுப்பயிற்சி தருவார்கள். அதில் பரவலானது, உடலுறவை இருவரும் பேசிக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் நிதானமாகத் தொட்டுப் பழகுவது. ‘இன்று முடியுமா’ என்ற பரீட்சைப் பயம் நீங்குவதற்காகவே அந்தத் தடை. அவசரப்பட்டுத் தடையை மீறும்போதுதான் பயிற்சி பெரும்பாலும் பழுதாகிறது. மீறிவிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘நூறு சதவீதம் குணம்’ என்று உத்தரவாதம் தருபவர், சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்துபவர், பெயர் இல்லாத மாத்திரையைத் தானே விற்பவர் ஆகியோரை விட்டு விலகுங்கள். ‘மூலிகை’ என்று விற்கப்படும் வீரிய மருந்துகளில் சில்டெனாஃபில் (வயாகரா மாத்திரையில் உள்ள மருந்து) கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஐந்தாறு அமர்வு ஆனதும், எது மாறியிருக்கிறது, அடுத்து என்ன திட்டம் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், அல்லது ஒவ்வொரு முறையும் குற்றவாளியாக உணர்ந்து வெளியே வந்தால், வேறொருவரிடம் மாறலாம். அப்படி மாறும்போது பழைய குறிப்புகளின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் சுமை அதனால் பாதியாகக் குறையும்.