பூங்காவில் கம்பி கட்டி ஹாம் ரேடியோ இயக்குவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டையொட்டி, 2016-ஆம் ஆண்டு முழுவதும், ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலியை இயக்குபவர்களின் அமெரிக்கச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். நடத்திய 'நேஷனல் பார்க்ஸ் ஆன் தி ஏர்' நிகழ்வு முடிந்ததும், அந்த உற்சாகம் அணைந்துவிடாமல் தன்னார்வலர்கள் தொடர்ந்து நடத்திவருவதே 'பார்க்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமாகப் போட்டா. பட்டியலில் உள்ள ஒரு பூங்காவுக்குள் ரேடியோவையும் ஆன்டெனாவையும் நிறுவி, ஒரே யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) நாளுக்குள் பிற ஹாம் நிலையங்களுடன் குறைந்தது 10 தொடர்புகளைப் பெற்றால், அந்தப் பூங்காவை நீங்கள் 'ஆக்டிவேட்' செய்ததாகக் கணக்கில் சேரும். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் நான் பின்பற்றும் முறையை இங்கே தருகிறேன். உங்களிடம் உரிமம் உண்டு, வீட்டிலிருந்து ஓரளவு பேசிப் பழகியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதை வாங்குவது

புதியவர்கள் பெரும்பாலும் பணத்தையெல்லாம் ரேடியோவில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கம்பியும் அது நிற்கும் உயரமும்தான். ஆகவே, ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுடன் இசைவிக்கும் பகுதி) உள்ளேயே அமைந்த, 20 வாட் தரும் ஷீகு ஜி90 போன்ற ஒரு ரேடியோ தொடக்கத்துக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து. மலைப்பாதையில் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு மட்டும், எடை குறைந்த எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2 ரேடியோவைப் பரிந்துரைப்பேன். பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருக்கட்டும். ஈய-அமில பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது வீண் உழைப்பு.

ஆன்டெனாவுக்கு, ரேடியோவுடன் ஒரு முனையில் இணைக்கப்படும் அரையலைக் கம்பியே (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி) என் தேர்வு. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள ஒரே கம்பி, மின்மறுப்பை 49-க்கு 1 என்ற விகிதத்தில் மாற்றும் மின்மாற்றியுடன் சேர்ந்து, 40, 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகளில் வேலை செய்யும். இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு சிறிய எதிர்க்கம்பியையும் தரையில் விரித்துவிடுங்கள்.

அனுமதி

மரத்தில் எதையும் கட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மறுத்தால், நீட்டி மடக்கக்கூடிய கண்ணாடியிழைக் கம்பம் கைகொடுக்கும். நீங்களும் உங்கள் கருவிகள் அனைத்தும் பூங்காவின் எல்லைக்குள் இருக்க வேண்டும். நீண்ட மலைநடைப் பாதையே ஒரு பூங்காவாகப் பட்டியலில் இருந்தால், அந்தப் பாதையிலிருந்து 100 அடிக்குள் இருக்க வேண்டும். அப்படிப் பட்டியலில் உள்ள அப்பலேச்சியன் நடைபாதை ஷெனண்டோவாவின் ஊடாகவே செல்வதால், அந்த 100 அடிக்குள் அமர்ந்தால் இரண்டு பூங்காக்களும் ஒரே நேரத்தில் கணக்கில் வரும்.

கயிறு வீசுதல்

எனக்கு மிக அதிகப் பயிற்சி தேவைப்பட்ட படி இதுதான். ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன். மரம் ஏறுபவர்கள் பயன்படுத்தும் வழுக்கலான மெல்லிய வீச்சுக்கயிறும், கயிற்று முனையில் கட்டி வீசுவதற்கு 340 கிராம் எடையுள்ள வீச்சுப்பையும் வாங்குங்கள். தோட்டக்கயிற்றில் கல்லைக் கட்டி வீசுவதைத் தவிர்த்துவிடுங்கள். பட்டையில் உரசும் சொரசொரப்பான கயிறு எடையைக் கீழே இறங்கவிடாது, கல்லோ கட்டிலிருந்து நழுவி யார் தலையிலாவது விழும்.

முதலில் மேலே பார்த்து, அருகில் மின்கம்பிகளோ பட்டுப்போன கிளைகளோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். எட்டு முதல் பத்து மீட்டர் உயரத்தில், வெளிப்பக்கமாகத் தனித்து நீண்டிருக்கும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கிளைகள் பிரியும் கவட்டையைத் தவிர்க்கவும். கயிறு முழுவதையும் புல்லில் போட்டு வைத்தால், மேலே பறக்கும் நேரத்தில் ஒரு சிறு குச்சியில் மாட்டி வீச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் வாய் அகன்ற ஒரு துணிப்பைக்குள் கயிற்றைச் சுற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வாக விழவிட்டு நிரப்புங்கள். பிறகு எடையைக் கால்களுக்கு இடையே ஊஞ்சல் போல இரண்டு மூன்று முறை ஆட்டி, கை கண் உயரத்தைத் தாண்டும் தருணத்தில் விடுங்கள். தோள் பலத்தால் எறிந்தால் குறி தவறும்.

எடை கிளையைத் தாண்டி இறங்கியதும் அதை அவிழ்த்துவிட்டு, அதே முனையில் ஆன்டெனாவின் காப்பானை (கம்பி முனையில் உள்ள, மின்சாரம் கடத்தாத துண்டு) கட்டி மேலே இழுங்கள். காப்பான் கிளைக்கு அரை மீட்டர் கீழேயே நிற்கட்டும். அது கிளையைத் தாண்டிப் போனால் திரும்ப இறக்கும்போது சிக்கிக்கொள்ளும். கழற்றும்போது கம்பியைக் கீழே இறக்கி, முடிச்சை முழுவதுமாக அவிழ்த்து, வெறும் கயிற்று முனை கிளையின் மேல் வழுக்கிப் போகும்படி மறுபக்கத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். முடிச்சு இருந்தால் கயிறு மரத்திலேயே தங்கிவிடும், பூங்காவில் குப்பை விட்டவர்களாகிவிடுவோம்.

தாழ்வாக ஓடும் கம்பியில் ஆரஞ்சு நிற நாடா கட்டுவதும், முதல் இடியோசை கேட்டவுடன் எல்லாவற்றையும் இறக்கிவிடுவதும் கட்டாயம்.

சரிபார்த்தலும் அழைத்தலும்

நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா சோதனைக் கருவி கொண்டு எஸ்.டபிள்யூ.ஆர். அளவை (ஆன்டெனா ரேடியோவுடன் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எண்) பாருங்கள், 2-க்குக் கீழே இருந்தால் போதும். மிகக் குறைந்த அளவு நீங்கள் விரும்பும் அதிர்வெண்ணுக்குக் கீழே அமைந்தால் கம்பி தேவைக்கு அதிகமான நீளத்தில் இருக்கிறது என்று பொருள். 20 செ.மீ. குறைத்தால் 40 மீட்டர் அலைவரிசையில் ஏறத்தாழ 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். களத்தில் கம்பியை வெட்டாதீர்கள். முனையை மடித்து அதன்மீதே முறுக்கிவிடுங்கள்.

பகலில் 20 மீட்டர் அலைவரிசையில் தொடங்குவதே நல்லது. காலியான அதிர்வெண்ணா என்று கேட்டு உறுதி செய்தபின் 'சீக்யூ பார்க்ஸ் ஆன் தி ஏர்' என்று அழைத்து ('சீக்யூ' என்பது யாரையும் பேச அழைக்கும் பொது அழைப்பு), போட்டா இணையதளத்தில் உங்கள் அதிர்வெண்ணை அறிவியுங்கள். உங்களைத் தேடுபவர்கள் தாமே வருவார்கள். ஷெனண்டோவாவில் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. அங்கே, முதலில் தொடர்பு கொள்பவரிடமே உங்களை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அழைப்புக்குறி, யூ.டி.சி. நேரம், அலைவரிசை, பேச்சா மோர்ஸா என்பது ஆகியவற்றைக் குறித்துவைத்து, வீடு திரும்பியதும் ஏடிஐஎஃப் (ஹாம் தொடர்புப் பதிவுகளுக்கான பொது வடிவம்) கோப்பாகப் போட்டா இணையதளத்தில் பதிவேற்றுங்கள்.

பின்சேர்க்கை 1: அமெரிக்காவின் தொடக்கநிலை உரிமமான டெக்னீஷியன் உரிமம் மட்டும் உள்ள ஒரு வாசகர், 20 மீட்டரில் பேசலாமா என்று கேட்டிருந்தார். பேச முடியாது, அதற்கு அடுத்த நிலையான ஜெனரல் உரிமம் வேண்டும். ஆனால் 10 மீட்டரில் 28.300 முதல் 28.500 மெகாஹெர்ட்ஸ் வரை அவருக்குக் குரல்வழி அனுமதி உண்டு. இதே கம்பி அங்கும் வேலை செய்யும்.

பின்சேர்க்கை 2: மாலையில் 12 தொடர்புகள் பெற்றும் ஆக்டிவேஷன் கணக்கில் வரவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வர்ஜீனியாவில் கோடைக்காலத்தில் இரவு 8 மணிக்கும், குளிர்காலத்தில் 7 மணிக்கும் யூ.டி.சி. நாள் மாறிவிடுகிறது. அவருடைய தொடர்புகள் இரண்டு நாட்களாகப் பிரிந்து, எந்த நாளிலும் பத்தை எட்டவில்லை. மாலையில் போவதாக இருந்தால், அந்த நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பே அழைக்கத் தொடங்குங்கள்.