உதவிக்கு நிற்கும் அறக்கட்டளைகள் சறுக்கும் இடங்கள்

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், திருப்பூர் என்று தறியையும் பனியனையும் நம்பி வாழும் ஊர்களில் பதிவு பெற்ற சிறு அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. ஒரு வாடகை அறை, இரண்டு மூன்று பணியாளர்கள், ஒரு பழைய அலமாரி, அவ்வளவுதான் பலவற்றின் சொத்து. இவை தம் கையிலிருந்து கொடுப்பது சொற்பம். அரசிடமிருந்து ஒருவருக்குச் சேர வேண்டியதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நாளின் பெரும்பகுதி கழிகிறது. அத்தகைய அறை ஒன்றில் பல ஆண்டுகள் மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், நாங்கள் செய்த தவறுகளையும் பிறர் செய்யக் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே லைன் வீட்டு வரிசைக்கு மூன்று அமைப்புகள் அரிசிப் பை கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சந்தில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பங்களுக்கு ஒரு பையும் போகவில்லை, ஏனெனில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தவர் உள்ளூர்க்காரர். அந்தக் குடும்பங்களுக்கு அரிசிப் பையைவிட, 2020 அக்டோபர் முதல் தமிழகத்திலும் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தங்கள் சொந்த ஊர் அட்டைக்கே இங்குள்ள கடையில் பொருள் வாங்கலாம் என்ற தகவலும், முதல் முறை கடைக்கு உடன் வர ஓர் ஆளும் நெடுநாள் உதவியிருக்கும்.

அடுத்தது, "இ-சேவை மையத்துக்குப் போங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவது. ஆதாரில் பழனாத்தாள், குடும்ப அட்டையில் பழனியம்மாள், வங்கிப் புத்தகத்தில் பழனம்மாள் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருப்பது நம் பகுதியில் வெகு சாதாரணம். இத்தகைய குழப்பத்தால் முதியோர் உதவித்தொகை மனு திரும்பி வந்த ஒரு மூதாட்டியை நாங்கள் மூன்று முறை அலைய விட்டோம். தறிக்குத் தார் (ஊடை நூல் குச்சி) சுற்றிக் கிடைக்கும் கூலியை ஒவ்வொரு முறையும் இழந்துவிட்டு வந்தவர், மூன்றாம் முறை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, "ஏங்கண்ணு, அவிய அவிய எழுதுன பேருக்கு நா என்ன பண்றது?" என்றார். ஆதாரில் அவர் பிறந்த நாள் ஜனவரி 1 என்று தோராயமாகப் பதிவாகியிருந்தது. அந்தக் கணக்குப்படி அவருக்கு 57 வயது, மூத்த மகனுக்கோ 46. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த அந்த மாதாந்தரத் தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், பெயரைத் திருத்தியிருந்தாலும் மனு நின்றிருக்காது. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்தலாம்; ஆகவே கையில் கிடைத்த தாளை வைத்து அவசரமாகத் திருத்தக் கொடுப்பது இன்னொரு பெருந்தவறு. எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, எதை முதலில் சரிசெய்வது என்று பார்த்த பிறகே ஆளை அனுப்ப வேண்டும். முடிந்தால் கூடவே போக வேண்டும்.

தறி ஊர்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு இருக்கிறது, இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தறிப்பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம், பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல், சில இடங்களில் ஊர்த் திருவிழாவுக்குக்கூடப் போக முடியாமல் கிடக்கும். யாரோ ஒரு நன்கொடையாளர் மனமிரங்கி 40,000 ரூபாயைக் கட்டி அவர்களை மீட்டுவிடலாம் என்பார். முன்பணம் எல்லாமே கொத்தடிமைத்தனம் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் அப்படித்தான் என்று விசாரணையில் தெரியவந்தால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் அற்றுப்போகிறது; அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம். பணத்தைக் கட்டிவிட்டால் தடயமும் கணக்கும் சேர்ந்தே மறைந்துவிடும், அதே முதலாளி அடுத்த குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பார். சரியான வழி வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் புகார் கொடுப்பதாகும். கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று கிடைத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெற வழியுண்டு. நன்கொடையாளரின் பணத்தை அந்தக் குடும்பத்தின் முதல் மாத வாடகைக்கும் அரிசிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இரக்கம் மட்டும் போதாது. பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கும் சிறுவனை நமக்குத் தெரிந்த இல்லத்தில் சேர்த்துவிட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். பதிவு பெறாத இல்லத்தில் வைத்திருப்பதும் குற்றமே. மீட்கப்பட்ட குழந்தையின் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்பவர்கள், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது என்பதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. பெரியவர்களை இந்தப் பிரிவு காக்காது; ஆனாலும் அரிசிப் பையோடு கேமராவைப் பார்த்து நிற்கச் சொன்னால், அடுத்த முறை அந்த அம்மாள் கஷ்டம் வந்தாலும் நம் வாசலுக்கு வரமாட்டார்.

பணக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. நன்கொடையாளருக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று அறியப்படும் சலுகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது; இதைச் சொல்லாமல் ரசீது கொடுப்பது நன்கொடையாளரை ஏமாற்றுவதற்குச் சமம். மருத்துவச் செலவுக்கென்று வந்த பணத்தைப் பள்ளிச் சீருடைக்குத் திருப்பிவிடுவது, அவசரத்துக்குத்தான் என்றாலும், பின்னால் கணக்குச் சொல்லும்போது கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் பதிவேட்டில் முன்பு மனு கொடுத்த அன்றே 'முடிந்தது' என்று எழுதிவிடுவோம். நல வாரியத்தில் சேர்த்துவிட்ட விசைத்தறித் தொழிலாளர்கள் சிலர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதும், 60 வயதானபின் ஓய்வூதியம் கேட்கப்போய் வெறுங்கையோடு திரும்பியதும் அதன்பிறகு தெரியவந்தன. இப்போது அந்தக் கட்டத்தின் தலைப்பு 'கைக்கு வந்ததா?' என்று மாறியிருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் வரவு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பணியாளர் அதில் டிக் செய்கிறார். புதுப்பிக்க வேண்டிய மாதத்தை அதற்கு அடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் குறித்து வைக்கிறார்.