ஏபி டொராடஸின் எக்ஸ் கதிரை நீங்களே கணக்கிடலாம்

ஜனவரி கடைசியில், இரவு 9 மணிக்கு, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தெற்கு பார்த்து நில்லுங்கள். அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம், அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில் ஏபி டொராடஸ் என்ற நட்சத்திரம் இருக்கிறது. பைனாகுலர் இல்லாமல் தெரியாது. 49 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அது, தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 12 மணி 20 நிமிடமே எடுக்கிறது. நம் சூரியனுக்குச் சுமார் 25 நாள்.

திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். அந்த நட்சத்திரம் எவ்வளவு எக்ஸ் கதிர் வீசுகிறது என்று அவர்களோடு செய்து பார்த்த கணக்கு இது. எக்ஸ் கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டி வராது, செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தத் தரவெல்லாம் இலவசம்.

முதலில் சுழற்சிக் காலம். பைதான் கணினி மொழியில் லைட்கர்வ் என்ற நிரல் தொகுப்பை நிறுவி, நாசாவின் டெஸ் செயற்கைக்கோள் 2 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். வரைந்தால் ஒளி ஏறி இறங்குவது தெரியும். நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள் நம் பக்கம் திரும்பும்போது ஒளி குறைகிறது. நடுவே சில இடங்களில் விருட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் கூர்முனைகள் இருக்கும். அவை காந்த வெடிப்புகள். அவற்றை நீக்கிவிட்டு, திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கத்தின் காலத்தைக் கண்டுபிடிக்கும் லோம்ப்-ஸ்கார்கிள் முறையில் தேடுங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் தடவை எனக்கு 6 மணி சொச்சம் வந்தது, அதையே சரியென்று நம்பிவிட்டேன். நட்சத்திரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் புள்ளிக்கூட்டம் இருந்தால் ஒரே சுற்றில் ஒளி இரண்டு முறை குறையும், கணினி பாதிக் காலத்தைக் காட்டும். அதனால் கிடைத்த காலத்தை இரட்டிப்பாக்கி வரைபடத்தை மடித்துப் பாருங்கள், அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டு பள்ளங்களும் ஆழத்தில் வேறுபட்டால் இரட்டிப்புக் காலமே சரி.

அப்புறம் எக்ஸ் கதிர். 1990-இல் ஏவப்பட்ட ரோசாட் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் அட்டவணையில், ஒரு வினாடிக்கு எத்தனை எக்ஸ் கதிர்த் துகள் வந்தது என்று இருக்கும். அதைச் சுமார் 8×10⁻¹² ஆல் பெருக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு எத்தனை எர்க் (ஆற்றலின் அலகு) என்பது கிடைக்கும். பிறகு அதை 4πd² ஆல் பெருக்குங்கள், d என்பது நட்சத்திரத்தின் தூரம். தூரத்தைச் சென்டிமீட்டரில் போடுங்கள், பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். விடை வினாடிக்கு 10³⁰ எர்க்கை ஒட்டி வரும். நட்சத்திரத்தின் மொத்த ஒளி வினாடிக்கு 1.5×10³³ எர்க். ஆக, கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு எக்ஸ் கதிர்! சூரியனுக்கு அது பத்து லட்சத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான்.

கடைசியாக ராஸ்பி எண். சுழற்சிக் காலத்தை, உள்ளே வாயு கொதித்துப் புரள ஆகும் காலத்தால் வகுக்க வேண்டும். இந்த வகை நட்சத்திரத்துக்கு அது சுமார் 25 நாள், எனவே 0.02. சூரியனுக்கு ஏறக்குறைய 2. சுழற்சியும் புரளலும் சேர்ந்துதான் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன, அந்தப் புலம்தான் நட்சத்திரத்தின் வெளி வளிமண்டலமான கொரோனாவை ஒரு கோடி டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. ஆனால் ராஸ்பி எண் 0.13-க்குக் கீழே போனால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எக்ஸ் கதிர் விகிதம் கூடுவதில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து எப்சிலான் எரிடானி என்ற நட்சத்திரத்தை எடுங்கள். அதுவும் ஏறக்குறைய அதே வகை, ஆனால் சுழற்சி 11 நாள். டெஸ் வானத்தின் ஒரு பகுதியை 27 நாள்தான் தொடர்ந்து பார்க்கும், இரண்டு சுற்றுதான் கிடைக்கும். எனவே காலத்தைத் தேடாமல் 11-ஐயே போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் விகிதம் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு வந்தால் உங்கள் கணக்கு சரி.