மேக்ரோவில் இருப்பது எண் அல்ல, எழுத்து

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைப் புதிதாகக் கற்பவர்களின் டூ ஃபைல்களை (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்புகளை) பார்க்கும்போதெல்லாம் நான் செய்த தவறுகளே வரிக்கு வரி திரும்பி வருகின்றன. மேற்கோள் குறியை மூட மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

அடைப்புக்குறி இல்லாத கூட்டல்

மேக்ரோ என்பது சில எழுத்துகளுக்கு நாம் வைக்கும் ஒரு பெயர். அதில் 2+3 என்று வைத்து, அதை 4 ஆல் பெருக்கிப் பாருங்கள். 20 வராது, 14 வரும். மேக்ரோ தன் பெயர் இருக்கும் இடத்தில் தன் எழுத்துகளை ஒட்டுகிறது, அவ்வளவே. ஸ்டேட்டாவின் கண்ணில் படுவது 2+3*4. லோக்கலை (அந்த ஓட்டத்துக்குள் மட்டும் வாழும் மேக்ரோவை) வரையறுக்கும்போது சமக்குறி போட்டால் முதலிலேயே கூட்டி 5 என்று வைத்துக்கொள்ளும். ஆனால் -2 என்ற மதிப்பை வர்க்கப்படுத்தும்போது சமக்குறியும் காப்பாற்றாது. -4 தான் கிடைக்கும். அழைக்கும் இடத்தில் அடைப்புக்குறி போடுங்கள்.

காணாமல் போகும் லோக்கல்

இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இல்லாத மேக்ரோவை அழைத்தால் ஸ்டேட்டா பிழை என்று சொல்வதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது.

வயது, பாலினம், குடும்ப அளவு மூன்றையும் ஒரு லோக்கலில் வைத்து, கல்விக்கும் வருமானத்துக்குமான தொடர்பைக் கணக்கிடும் ரெக்ரஸ் கட்டளை வரியின் கடைசியில் அதை அழைத்திருந்தேன். ஒருநாள் சிறு திருத்தம் செய்துவிட்டு, அந்த வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். தேர்ந்தெடுத்த பகுதி தனி டூ ஃபைலாக ஓடும். முந்தைய ஓட்டத்தில் பிறந்த லோக்கல் அந்த ஓட்டத்தோடு முடிந்துபோயிருந்தது. ஆகவே வயது முதலான கட்டுப்பாட்டு மாறிகளில் ஒன்றுகூட இல்லாமல் கல்வி மட்டும் ஓடியது. சிவப்பில் ஓர் எழுத்து வரவில்லை. அட்டவணைக்குக் கல்வியின் குணகத்தை மட்டுமே எடுத்ததால் என் கண்ணிலும் படவில்லை. மூன்று வாரம் அந்த எண்ணுக்கு விளக்கம் எழுதினேன். குடும்ப அளவு பலருக்குப் பதிவாகாதபோது அட்டவணையில் கட்டுப்பாடு உள்ள நெடுவரிசையிலும் இல்லாத நெடுவரிசையிலும் கணக்கில் வந்தவர்களின் எண்ணிக்கை எப்படி ஒன்றாக இருக்கிறது என்று உடன் பணியாற்றியவர் கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது.

பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் இதேதான் நடக்கும். எஸ்.ஏ.எஸ். என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளாக இருந்தால் லாகில் (ஓட்டத்தின் பதிவில்) ஓர் எச்சரிக்கையாவது வரும். இப்போது ரெக்ரஸ் வரிக்கு மேலே, லோக்கல் வெறுமையாக இல்லை என்று உறுதிசெய்யும் அஸர்ட் வரியை எழுதாமல் நான் நகர்வதில்லை. லோக்கல் தொலைந்திருந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். லோக்கலையும் அதை அழைக்கும் வரியையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

அதற்காகக் குளோபலுக்கு மாறலாமா?

வேண்டாம். குளோபல் என்பது ஸ்டேட்டாவை மூடும்வரை வாழும் மேக்ரோ. காலையில் வைத்த மதிப்பு மாலையிலும் உயிரோடு இருந்து வேறொரு கோப்பில் புகுந்துவிடும்.

எஸ்.ஏ.எஸ். காரர்களுக்கு: ஒற்றை மேற்கோள்

ஒற்றை மேற்கோளுக்குள் மேக்ரோ மாறியின் பெயர் அதன் மதிப்பாக விரியாது. தலைப்பில் ஆண்டு வர வேண்டிய இடத்தில் & குறியும் மாறியின் பெயரும் அப்படியே அச்சாகும். இரட்டை மேற்கோள் போடுங்கள்.

கோப்புப் பெயரில் புள்ளி

மாறியின் பெயரை ஒட்டி வரும் முதல் புள்ளியை எஸ்.ஏ.எஸ். விழுங்கிவிடும். இரண்டு வையுங்கள்.