மெடிகேர்: 65 வயதை நெருங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை முழுமையாகப் பெற 67 வயது வரை காத்திருக்க வேண்டும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குரிய வயதோ, 1965இல் சட்டம் இயற்றப்பட்டபோது இருந்தபடியே, 65ஆகத்தான் இருக்கிறது. ஓய்வும் மெடிகேரும் ஒன்றாக வரும் என்று எண்ணி, "வேலையை விடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த இடைவெளியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இதில் நேரும் தவறுகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. சிலவற்றைப் பணம் கட்டிச் சரிசெய்துவிடலாம். சில வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் தொடரும். ஒன்று மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் பின்னர் திருத்துவதற்கே அரிதாகிவிடும்.

மெடிகேர் அட்டை தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்பி இருக்க முடியாது. 65 வயதுக்கு நான்கு மாதம் முன்பிருந்தாவது சோஷியல் செக்யூரிட்டி பணம் பெற்றுவருபவர்களுக்குத்தான் அது தபாலில் வரும்; மற்றவர்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வழியாகவோ அதன் இணையதளத்திலோ தாமே விண்ணப்பிக்க வேண்டும். பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்கள், பிந்தைய மூன்று மாதங்கள் என மொத்தம் ஏழு மாத அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டு, விதிவிலக்கும் இல்லாதவர்கள், ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக் காலத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதோடு, மருத்துவர் கட்டணம், பரிசோதனை, புறநோயாளி சிகிச்சை ஆகியவற்றுக்கான பார்ட் பி-யின் பிரீமியத்தில், தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 விழுக்காடு அபராதமாகச் சேரும். 2025ஆம் ஆண்டின் அடிப்படை பிரீமியமான 185 டாலரை வைத்துக் கணக்கிட்டால், மூன்றாண்டு தாமதம் மாதத்துக்கு 55.50 டாலர் ஆகிறது. பிரீமியம் உயர உயர இந்தத் தொகையும் உயரும். பார்ட் பி இருக்கும் வரை நீங்காது.

விதிவிலக்கு என்பது பொதுவாகத் தாமோ கணவனோ மனைவியோ இப்போது பார்த்துவரும் வேலையின் வழியாகக் கிடைக்கும் குழுக் காப்பீடுதான். "இப்போது பார்த்துவரும்" என்ற நிபந்தனையை மறப்பதால்தான், படித்தவர்கள்கூட ஏமாறும் கோப்ரா (வேலையை விட்டபின் அதன் காப்பீட்டைச் சில காலம் நீட்டிக்கும் ஏற்பாடு) சிக்கல் எழுகிறது. ஜூன் 30ஆம் தேதி வேலையையும் அதன் காப்பீட்டையும் விடும் 66 வயதுக்காரர், பழைய காப்பீட்டையே கோப்ரா மூலம் 18 மாதம் நீட்டித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ட் பி-யில் அபராதமின்றிச் சேர அவருக்குள்ள எட்டு மாதக் கெடு கோப்ரா முடிந்தபின் தொடங்குவதில்லை; வேலை முடிந்த உடனேயே தொடங்கி, அடுத்த பிப்ரவரியில் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மெடிகேருக்குத் தகுதி பெற்றவரின் செலவில் மெடிகேர் தந்திருக்க வேண்டிய பங்கைத் தர கோப்ரா திட்டம் மறுக்கவும் கூடும். நிறுவனம் தரும் ஓய்வுக்காலக் காப்பீடும், அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனிநபராக வாங்கிய காப்பீடும் இந்த விதிவிலக்கில் அடங்கா. இருபது பேருக்குக் குறைவானவர்கள் பணிபுரியும் நிறுவனத்தில் வேலையில் இருந்தாலும், மெடிகேர்தான் முதலில் பணம் தர வேண்டிய காப்பீடு என்பதால், 65 வயதிலேயே பார்ட் பி-யில் சேர்ந்துவிடுவது நல்லது.

மருத்துவச் செலவுக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. 65 வயதைக் கடந்து விண்ணப்பித்தால் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அந்த மாதங்களில் கணக்கில் போட்ட பணத்துக்கு வரிச் சிக்கல் வரும். ஆகவே விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே பணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும். மாத்திரையே சாப்பிடாதவர்கள் மருந்துக் காப்பீடான பார்ட் டி-யை ஒதுக்கிவிடுவதும் வழக்கம். மெடிகேரின் தரத்துக்கு ஈடான வேறு மருந்துக் காப்பீடு இன்றித் தொடர்ந்து 63 நாள் கடந்தால் அதற்கும் நிரந்தர அபராதம் உண்டு.

திருத்துவதற்கு அரிது என்று மேலே சொன்னது மெடிகேப் பற்றியது. அரசின் அசல் மெடிகேர் மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 80 விழுக்காட்டைத் தரும். மீதி 20 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அந்தப் பள்ளத்தை அடைக்கத் தனியார் விற்கும் துணைக் காப்பீடே மெடிகேப். 65 வயதுக்குப் பின் பார்ட் பி தொடங்கிய நாள் முதல் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், எந்த நோய் இருந்தாலும் நிறுவனம் மறுக்கவோ கூடுதலாகக் கேட்கவோ முடியாது. அதன் பிறகு, நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களைத் தவிர, உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். மறுபுறம், அசல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் கூடுதல் பிரீமியமே இல்லாமல் பல், கண்ணாடிச் சலுகைகளோடு விளம்பரம் செய்யப்படுகின்றன. 65 வயதில் திடமாக இருப்பவருக்கு அது லாபமாகவே தோன்றும். அவருக்கே 72 வயதில் புற்றுநோய் வந்து, திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள நெட்வொர்க்கில் இல்லாத பெரிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்தில் அசல் மெடிகேருக்குத் திரும்பலாமே தவிர, அப்போது மெடிகேப் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முதல்முறை அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கு 12 மாதத்துக்குள் மனம் மாற உரிமை உண்டு. அதற்குமேல் இழுத்தால் கடினம். மாதப் பிரீமியத்தைத் தாங்கக்கூடியவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே மெடிகேப் எடுத்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வேறு சில குழப்பங்களும் எழுகின்றன. மெடிகேர் தனிநபருக்கானது, கணவர் 65 வயதில் வேலையை விட்டால் 60 வயது மனைவிக்கு வேறு காப்பீடு தேடியாக வேண்டும். பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க 40 காலாண்டுகள், அதாவது பத்தாண்டு, வரி கட்டியிருக்க வேண்டும். வேலை பார்க்காத துணைவருக்கு மற்றவரின் கணக்கு போதும். இந்தியாவில் உழைத்த ஆண்டுகள் இதில் சேரா. கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 வயதைக் கடந்து, ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகே விலை கொடுத்துச் சேரலாம். 2025இல் பார்ட் ஏ-யின் முழு விலை மாதம் 518 டாலர்.

ஆண்டில் பாதியைச் சென்னையிலோ மதுரையிலோ கழிக்கத் திட்டமிடுபவர்கள், அங்கு பெறும் சிகிச்சைக்கு அசல் மெடிகேர் பணம் தராது என்பதை அறிந்திருக்க வேண்டும். சில மெடிகேப் திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும், 250 டாலருக்கு மேற்பட்ட செலவில் 80 விழுக்காட்டை, வாழ்நாளில் 50,000 டாலர் வரை தருகின்றன. பயன்படாத பிரீமியம் எதற்கு என்று பார்ட் பி-யை நிறுத்திவிட்டு ஊரில் தங்குபவர் பிறகு பேரக்குழந்தைகளைத் தேடி அமெரிக்கா திரும்பினால், இடையில் விட்ட ஆண்டுகளும் பொதுவாக அபராதக் கணக்கில் ஏறும்.