கற்பனை உலகத்துக்குச் செடி கொடி படைக்கிறவர்களுக்கு

கதைக்கோ கணினி விளையாட்டுக்கோ புது உலகம் படைக்கிறவர்களே, 'நோய் தீர்க்கும் நீலப்பூ' என்று ஒரே வரியில் செடியை முடித்துவிடாதீர்கள். முதலில் நம் யாழ்ப்பாணத்துப் பனையைப் பாருங்கள். பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியில் (சிறு மண்பானையில்) சாற்றை இறக்கினால் கருப்பணி, அதாவது இனிப்பான பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். கருப்பணியைக் காய்ச்சினால் பனங்கட்டி. பழக்களியைப் பாயில் காயவிட்டால் பனாட்டு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஓலை வேலிக்கும் கடகம் என்னும் கூடைக்கும். ஒரே மரத்தில் எவ்வளவு வளம்!

சரி, உங்கள் செடிக்கும் இப்படியே எந்தப் பகுதி, எந்தப் பருவம், எப்படிப் பதப்படுத்துவது, பக்குவம் தவறினால் என்னவாகும் என்று எழுதுங்கள். அப்புறம் யார் சீவுகிறார், யார் பின்னுகிறார் என்று யோசியுங்கள். பெயர் சூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.